செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

(வேலை, படிப்பு, அடுத்த அடி பற்றிய கேள்விகளுக்கு, ஆள் தேர்வுப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தி எழுத்தாளர் பதில் தருகிறார்.)

கேள்வி: எனக்கு 31 வயது. கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறேன். சம்பளத்தில் குறையில்லை, போன வருடம் பதவி உயர்வும் வந்தது. ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் ஆனால் மனசு கனத்துப் போகிறது. வேறு வேலைக்குப் போகலாம் என்றால், எனக்கு என்ன பிடிக்கும் என்பதே தெரியவில்லை. யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: முதலில் அந்த யோசனையை நிறுத்தும்மா. உட்கார்ந்து யோசித்தால் வேலைகளின் பெயர்தான் வரும்: ஆசிரியை, வடிவமைப்பாளர், எழுத்தாளர், சொந்தத் தொழில். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாப் பெயரும் அழகுதான். நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்த வரையில், பெயரைப் பார்த்து வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். அந்த வேலையில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் நிலைப்பார்கள். அதனால் நான் எல்லாரிடமும் தவறாமல் கேட்டது ஒரு கேள்வி: "செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இந்த வேலையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" திங்களுக்கு ஒரு பரபரப்பு உண்டு, வெள்ளிக்கு ஒரு குஷி உண்டு. செவ்வாய்க்கு ஒன்றும் கிடையாது. வேலை வெறும் வேலையாக இருக்கும் நேரம் அது.

இப்போதைய வேலைக்கும் அதே கேள்விதான். இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். மதியம் ஒரு தரம், கிளம்பும் முன் ஒரு தரம். 'அறிக்கை தயாரித்தேன்' என்று எழுதினால் பயனில்லை, அதற்குள் நாலு வேலை ஒளிந்திருக்கிறது. 'வங்கிக் கணக்கோடு டேலி ஆகாத தொகை எங்கே என்று தேடினேன்', 'மூன்று பேருக்குப் போன் போட்டு ரசீது கேட்டு நச்சரித்தேன்', 'புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எக்செல்லில் ஃபார்முலா போடக் காட்டிக் கொடுத்தேன்', 'மேலாளருக்காக எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கினேன்' என்று உடைத்து எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் செய்ததற்குக் கூட்டல். நாலு தரம் தள்ளிப்போட்டுச் செய்ததற்குக் கழித்தல். காரணம் மட்டும் எழுதாதீர்கள். காரணம் கேட்டால் மனசு வக்கீல் மாதிரி வாதாடத் தொடங்கிவிடும்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் படித்தால் கூட்டல் குறிகள் ஓரிரண்டு வேலைகளைச் சுற்றியே விழுந்திருப்பது தெரியும். டேலி ஆகாத தொகையைத் தேடுவதில் விழுந்திருந்தால் தணிக்கை, மோசடிக் கண்டுபிடிப்பு, தரவுப் பகுப்பாய்வு பக்கம் பாருங்கள். அந்தப் பையனுக்குக் கற்றுக் கொடுத்ததில் விழுந்திருந்தால் பயிற்சிப் பிரிவு. ஒரே பக்கத்தில் சுருக்குவதில் என்றால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கும் வேலைகள். எல்லாமே கணக்குத் தெரிந்தவருக்கு அடுத்த அறைதான், எட்டு வருடத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கழித்தல் குறிகளையும் பாருங்கள். எல்லாம் ஒரே ஆளைச் சுற்றி விழுந்திருந்தால் தொழிலை மாற்றுவதற்கு முன் மேலாளரை மாற்றப் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல தொழிலை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

சம்பளமும் பதவி உயர்வும் இருந்தும் ஏன் இப்படி என்கிறீர்கள். பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பேரைப் பேட்டி கண்டார். அவர்களும் கணக்காளர்களும் பொறியாளர்களுந்தான், உங்கள் இனம்! சம்பளம், அலுவலக விதிகள், மேற்பார்வை போன்றவை மோசமாக இருந்தால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி அடங்கும், ஆனால் திருப்தி வந்துவிடாது, அது வேலைக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்றார். பிறகு வந்தவர்கள் அவர் முறையில் குறை கண்டார்கள், அது வேறு கதை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

வேலைக்குள் என்றால் என்ன? ஹேக்மன், ஓல்டுஹம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976ல் ஐந்து விஷயம் சொன்னார்கள். பலவிதத் திறமைக்கு இடம் உண்டா? ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே முடிக்கிறீர்களா? அதனால் யாருக்காவது பலன் உண்டா? எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கிறதா? நன்றாகச் செய்தோமா என்பது செய்யும்போதே தெரிகிறதா? பெரிய அலுவலகக் கணக்குப் பிரிவில் பெரும்பாலும் அடிபடுவது இரண்டாவது. நடுவில் ஒரு துண்டு மட்டும் நம் கைக்கு வரும், அது எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. உங்களுக்கு இதில் எது இல்லை என்று பாருங்கள்.

இல்லாததை இருக்கிற இடத்திலேயே கொஞ்சம் உண்டாக்கிக்கொள்ளவும் முடியும். ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். சிலர் சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கினார்கள். சிலர் நோயாளிகளோடும் வந்தவர்களோடும் பேசினார்கள், செவிலியரின் வேலை ஓட்டத்தைப் பார்த்துத் தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். தரை ஒன்றுதான், பதவிப் பெயர் ஒன்றுதான். வேலையை அனுபவித்தவர்கள் இரண்டாவது கூட்டத்தார்.

எனவே மேலாளரிடம் போய் "எனக்குத் திருப்தி இல்லை" என்று சொல்லாதீர்கள். அவரால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அடுத்த மூன்று மாதம், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் ரசீது வசூலை இன்னொருவருக்கு மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். மறுத்தால், வெளியே தேடுவதற்கு உங்களிடம் இப்போது தெளிவான காரணம் இருக்கிறது.

கேள்வி: என் நண்பர்கள் எல்லாரும் தங்கள் பேஷனை, அதாவது தீராத ஆர்வத்தை, கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் எதிலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆர்வம் நிற்பதில்லை. என்னிடம் ஏதும் கோளாறா?
– கல்லூரி மாணவர்

பதில்: ஒரு கோளாறும் இல்லை தம்பி. உங்கள் நண்பர்களில் பாதிப் பேர் மூன்றாவது மாதத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

2018ல் ஓ'கீஃப், ட்வெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கருந்துளை பற்றிய சுவாரசியமான காணொளியைப் போட்டுக் காட்டினார்கள், எல்லாருக்கும் பிடித்தது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான ஒரு அறிவியல் கட்டுரையைக் கையில் கொடுத்தார்கள். 'ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருப்பது, கண்டுபிடித்தால் போதும்' என்று நம்பியவர்களுக்கு ஆர்வம் அதிகமாகச் சரிந்தது. 'ஆர்வம் வளர்த்தெடுப்பது' என்று நினைத்தவர்கள் ஓரளவு தாக்குப் பிடித்தார்கள்.

உங்கள் மூன்றாவது மாதத்தில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். காணொளி முடிந்து கட்டுரை கைக்கு வருகிறது. அடுத்த முறை அந்த இடத்தில் இன்னும் ஆறு வாரம் நின்று பாருங்கள். அதற்குப் பிறகும் சலித்தால் தாராளமாக விடுங்கள், அதில் வெட்கமில்லை.

கேள்வி: ஆளுமைத் தேர்வு எழுதினால் எனக்கேற்ற வேலை தெரியுமா?

பதில்: வேலை தெரியாது, தேட வேண்டிய திசை ஓரளவு தெரியும். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959ல் முன்வைத்த ஆறு ஆளுமை வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபடுத்துதல். அதன் அடிப்படையில் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இலவசமாகவே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. காசு கேட்பவர்களிடம் போக வேண்டியதில்லை. தேர்வு முடிவை விட, ஒவ்வொரு தொழிலிலும் அன்றாடம் செய்யும் வேலைகள் என்று அங்கே போட்டிருக்கும் பட்டியலைப் படியுங்கள். செவ்வாய்க்கிழமை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: 43 வயது. இயந்திரப் பராமரிப்பில் 17 வருடம். மரவேலை என்றால் உயிர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட வேண்டும் என்று ஆசை. வயது தாண்டிவிட்டதா? 17 வருட அனுபவம் வீணாகாதா?
– இரண்டு பிள்ளைகளின் தகப்பன்

பதில்: வயதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'விட்டுவிட்டு' என்ற சொல்லைப் பார்த்தால்தான் கவலை.

சொந்தத் தொழில் தொடங்கியவர்களை ரஃபீயும் ஃபெங்கும் ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். சம்பள வேலையை வைத்துக்கொண்டே பக்கத்தில் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தோற்றுப்போகும் வாய்ப்பு, ஒரேயடியாக வேலையை விட்டுக் குதித்தவர்களை விட 33 சதவீதம் குறைவு. துணிச்சல் இல்லாதவர்கள் என்று ஊர் சொல்லும் ஆட்கள்தான் நிலைத்து நின்றிருக்கிறார்கள்.

17 வருடம் வீணாகுமே என்பது போன காசுக்கு அழுவது. 1985ல் வெளியான ஆர்க்ஸ், புளூமர் ஆய்வில் நாடக அரங்குக்குப் பருவச் சீட்டு (ஒரு பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சீட்டு) வாங்கியவர்களில் சிலருக்கு, அவர்கள் கேட்காமலே, தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் அதே நாடகம், அதே நாற்காலி. 'கொடுத்துவிட்டோமே' என்ற எண்ணந்தான் இழுத்து வந்தது. இனி வரும் 17 வருடத்தை வைத்து முடிவெடுங்கள். அப்புறம், இயந்திரம் தெரிந்த மரவேலைக்காரர் தன் ரம்பத்தையும் மோட்டாரையும் தானே பழுது பார்ப்பார். அது சின்ன விஷயமா?

இப்போது பட்டறையின் செவ்வாய்க்கிழமை. விடுமுறை நாளில் நீங்கள் ஆசைப்பட்டு ஒரு முக்காலி செய்வது வேறு. பட்டறைக்காரருக்கு மூன்று மணிக்கு உப்புத்தாள் தேய்ப்பு, மூக்கெல்லாம் மரத்தூள், நடுவில் வாடிக்கையாளர் போன்: "நான் சொன்ன அளவு இது இல்லையே!" சாயங்காலம் பாக்கி வசூல். இது பிடிக்குமா என்று ஆசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடம் ஒரு ஆர்டர் எடுங்கள். விலை பேசுங்கள், தேதி கொடுங்கள், அந்தத் தேதியில் ஒப்படையுங்கள். சொந்தக்காரர்கள் 'பிரமாதம்' என்பார்கள், அதில் தகவல் ஒன்றும் இல்லை. இப்படி ஐந்தாறு ஆர்டர் முடித்த பிறகும் உப்புத்தாளைக் கையில் எடுக்கச் சலிப்பில்லை என்றால் அடுத்த படியைப் பற்றிப் பேசலாம்.

நடுவில் அந்தத் தொழிலில் இருக்கிற இரண்டு பேரோடும், அதை விட்டுப் போன ஒருவரோடும் பேசுங்கள். விட்டுப் போனவர்தான் முக்கியம், அவருக்கு விற்க ஒன்றும் இல்லை. யாரையும் தெரியாதே என்று சொல்லாதீர்கள். வேலை மாறியவர்களிடம் கேட்டு மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் வெளியிட்ட கணக்கு இது: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கிறவரால் கிடைத்தது 16.7 சதவீதத்தினருக்குத்தான். எப்போதாவது பார்க்கிறவரால் 55.6. வருடத்துக்கு ஒரு தரமோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவரால் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கத்திலிருந்துதான் வரும். பழைய சகாக்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் புதிய திறன் கற்க வேண்டும் என்று முடிவெடுப்பேன். நாலாம் நாள் விட்டுப்போகும். 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒப்பனை அறுவை மருத்துவர், மாறிய முகத்துக்கு மனம் பழக 'குறைந்தது' 21 நாள் ஆவதாக 1960ல் எழுதினார். கைமாறிக் கைமாறி அந்தக் 'குறைந்தது' காணாமல் போய்விட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது இடைநிலை (பாதிப் பேருக்கு இதற்குள், பாதிப் பேருக்கு இதற்கு மேல்) 66 நாள் வந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி 18 முதல் 254 நாள் வரை மதிப்பிட்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. நாலாம் நாள் விட்டால் ஐந்தாம் நாள் உட்காருங்கள், திரும்ப ஒன்றிலிருந்து எண்ணாதீர்கள்.

'காலையில் ஒரு மணி நேரம்' என்பதையும் மாற்றுங்கள். "பல் தேய்த்துவிட்டு வந்ததும் மேசையில் உட்கார்ந்து, நேற்றுப் படித்ததில் நினைவிருப்பதைப் புத்தகம் பார்க்காமல் எழுதுவேன்." இவ்வளவு போதும், பத்து நிமிடம். எதற்குப் பிறகு, எங்கே, என்ன என்று முன்கூட்டியே கட்டிவைத்தால் செயல் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. பார்க்காமல் எழுதச் சொல்வது ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006ல் காட்டியதற்காக: மறுபடி மறுபடி படித்தவர்களை விட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் மிஞ்சியது.

கேள்வி: கையில் இரண்டு வேலை வாய்ப்பு. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாணயம் சுண்டிப் பார்த்துவிடலாமா?

பதில்: சுண்டலாம். ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார நிபுணர் ஒரு இணையதளம் வைத்து, முடிவெடுக்கத் திணறியவர்களுக்காக 20,000 தடவைக்கு மேல் நாணயம் சுண்டிக் கொடுத்திருக்கிறார். வேலையை விடலாமா என்பதும் அங்கே வந்த கேள்விகளில் ஒன்று. பெரிய முடிவுகளில் 'மாறு' என்று விழுந்தவர்கள் ஆறு மாதம் கழித்துச் சராசரியாக அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஆனால் அவர்கள் இருப்பதா, மாறுவதா என்று தவித்தவர்கள். உங்களுக்கு இரண்டுமே மாற்றந்தான், அதனால் அந்தக் கணக்கு உங்களுக்கு அவ்வளவாக உதவாது.

சுண்டுவதற்கு முன் இரண்டு இடத்திலும் உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரோடு அரை மணி நேரம் பேச நேரம் கேளுங்கள். "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் போன செவ்வாய்க்கிழமை என்னென்ன செய்தார்?" என்று கேளுங்கள். ஒருவர் விவரமாகச் சொல்வார், இன்னொருவர் நிறுவனத்தின் லட்சியத்தைப் பற்றிப் பேசுவார். நாணயத்துக்கு வேலை இருக்காது.