ராத்திரி முழுக்க சாப்பிடல, காலைல சுகர் மட்டும் ஏன் ஏறுது?

கேள்வி: சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுறேன் டாக்டர். படுக்கும்போது வீட்டு மெஷின்ல 130, எழுந்து பாத்தா 155. மெஷின் கோளாறா? மாத்திரையை நானே கூட்டிக்கலாமா?

பதில்: மெஷின் மேல பழி போடாதீங்க. விடியற நேரம் கார்டிசோல் மாதிரி ஹார்மோன்லாம் ஏறும்போது கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்துல விட்டுடும், நிறைய பேருக்கு நடக்கிறதுதான். ஆனா கைய கழுவி ஈரமில்லாம தொடச்சிட்டு விரல் நுனியோட பக்கவாட்டுல குத்துங்க, நடுவுல குத்துனா வலிதான் மிச்சம். 15 சதவீதம் முன்னப்பின்ன நல்ல மெஷின்லயும் வரும், அதனால 155க்கும் 148க்கும் மண்டைய உடைச்சுக்க வேணாம். வெறும் வயித்துல 80-130 தான் பெரும்பாலானவங்களுக்கு இலக்கு, ஒரு வாரம் எழுதி வச்சு உங்க டாக்டர்ட்ட காட்டுங்க, டோஸை அவர் பாத்துப்பார். கூடவே கிளிமிபிரைடுங்கிற இன்னொரு சுகர் மாத்திரையும் போடுறீங்கன்னா அதை நீங்களா கூட்டவே கூட்டாதீங்க, சுகர் 70க்கு கீழ இறங்கி கை நடுங்கி வேர்த்துக் கொட்டும்.