கலோரி என்பது வெப்பத்தின் அளவா, உணவின் அளவா?

இரண்டையும் அளப்பது ஒரே அலகுதான். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கலோரி. அது ஏறத்தாழ 4.18 ஜூலுக்குச் சமம். உணவைப் பொறுத்தவரை இது மிகச் சிறிய அளவு என்பதால், ஆயிரம் கலோரி சேர்ந்த கிலோகலோரியில் கணக்கிடுகிறார்கள். பேச்சில் அந்தக் ‘கிலோ’ உதிர்ந்துபோவதால்தான் இத்தனை குழப்பம்.

வெப்பத்தின் அலகு உணவுக்கு எப்படிப் பொருந்தும்? உணவு ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. ஆகவே உணவை மூடிய கலத்தில் எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்து அந்த ஆற்றலை அளந்துவிடலாம். திருநெல்வேலியில் அல்வா கிண்டும் அடுப்பில் விறகு எரிவதும், அந்த அல்வா நம் உடலுக்குள் செலவாவதும் அடிப்படையில் ஒரே வகை வேதிமாற்றம். அடுப்பில் அது தழலாகச் சட்டென்று முடிகிறது, உடலிலோ நொதிகளின் துணையோடு, ஏறத்தாழ 37 டிகிரி சூட்டிலேயே, படிப்படியாக நடக்கிறது.

சர்க்கரையும் கோதுமையின் மாவுச்சத்தும் கிராமுக்குச் சுமார் 4 கிலோகலோரி தருகின்றன. நெய்யோ சுமார் 9. பத்து கிராம் நெய்யில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் தாமிரபரணித் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான 70 கிலோகலோரியையும் தாண்டிவிடும். அல்வாவைச் சிறு துண்டாக வாங்குவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கலோரி என்பது கொழுப்பையோ உப்பையோ போல உணவில் கலந்திருக்கும் ஒரு பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பொருளன்று, உணவு தரக்கூடிய ஆற்றலின் அளவு மட்டுமே.