சிங்கப்பூரில் மலேசிய ரயில் ஓடிய காலம் நினைவிருக்கிறதா? பழைய நிலையங்களும் பாதைகளும் எப்படி இருந்தன?

கேள்வி கேட்டவர் இங்கே வேலைக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகிறதாம். புக்கித் தீமா பக்கம் நடக்கப் போனபோது கறுப்பு இரும்புப் பாலத்தைப் பார்த்துவிட்டு, 'இந்தத் தீவுக்குள் இன்னொரு நாட்டு ரயில் ஓடியது நிஜமா, அதைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார்.

நிஜம்தான். 2011 ஜூன் 30 இரவு வரை ஓடியது. நாங்கள் அதைப் பார்த்தவர்கள் மட்டுமில்லை, அதன் சம்பளத்தில் சாப்பிட்டவர்கள். என் பெரியப்பா கேடிஎம்மில், அதாவது மலாயா ரயில்வேயில், தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தார். புக்கித் தீமா ஏழாம் கட்டைக்கு, அதாவது ஏழாவது மைலுக்குப் பக்கத்தில் அவருக்கு ரயில்வே வீடு. பள்ளி விடுமுறை விட்டால் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். 'கம்பிச்சடக்குப் (தண்டவாளம்) பக்கம் போகக்கூடாது' என்று பெரியம்மா காலையில் ஒருதரம் சொல்வார். அதோடு சரி, நாள் முழுக்க நாங்கள் அங்கேதான் கிடப்போம்.

கேங், அதாவது பராமரிப்புக் குழு, விடிந்ததும் கிளம்பிவிடும். முன்னால் மண்டோர் (மேஸ்திரி), பின்னால் நாலைந்து பேர், தோளில் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலும் பெரிய ஸ்பேனரும். தண்டவாளத்தை அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணிகளைத் தட்டிக்கொண்டே போவார்கள். இறுகியிருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். பெரியப்பா பேசிக்கொண்டே நடப்பார். சத்தம் மாறினால் பேச்சு நின்றுவிடும். மழைக்காலத்தில் ஜல்லி அரித்துக்கொண்டு போகும், அதைத் திரும்ப அள்ளிக் கட்டைக்கு அடியில் கெட்டிக்க வேண்டும். வெயில் ஏறினால் கட்டைக்கு அடித்த தார் எண்ணெய் கசியும். சட்டையில் பட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது.

புக்கித் தீமா நிலையம் அன்றைக்கும் சின்னதுதான். செங்கல் கட்டடம், இரண்டு ரயில் ஒன்றையொன்று கடக்க வசதியாக இரட்டைத் தண்டவாளம். பயணிகள் ஏறி இறங்கியதைவிடக் குதிரைப் பந்தயத் திடலுக்கு வந்த குதிரைகள் அங்கே அதிகமாக இறங்கியிருக்கும். ஆனாலும் அந்த நிலையம் இல்லாவிட்டால் நகரில் இருந்த பெரிய நிலையமான தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு ரயிலும் நிம்மதியாகக் கிளம்ப முடியாது. பாதை முழுக்க ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஒரே பகுதிக்குள் நுழைந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சாவி வைத்திருந்தார்கள். இரண்டு முனை நிலையங்களிலும் இரும்புப் பெட்டி இருக்கும், இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். ஒரு முனையில் ஒரு சாவியை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பும்வரை இரண்டிலிருந்தும் வேறு சாவி வெளியே வராது. கையில் சாவி இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் வண்டியை விட மாட்டார்.

அந்தச் சாவியைக் கை மாற்றுவதுதான் எங்களுக்கு வேடிக்கை. சாவி ஒரு தோல் பைக்குள் இருக்கும், பை பெரிய வளையத்தில் தொங்கும். புக்கித் தீமாவில் நிற்காத ரயில் என்றால் வேகத்தைக் குறைப்பார்களே தவிர நிறுத்த மாட்டார்கள். நடைமேடை ஓரத்தில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு பழைய வளையத்தைக் கீழே விடும், புதியதைத் தோள்வரை மாட்டிக்கொண்டு போய்விடும். கண்ணை இமைத்தால் போச்சு. சிங்கப்பூர் கணினிமயமாகி எத்தனையோ ஆண்டு கழிந்த பிறகும், கடைசி நாள் வரை, இந்தப் பாதையில் பாதுகாப்பு அந்த வளையத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தஞ்சோங் பகார் வேறு உலகம். 1932 மே மாதம் திறந்தது. முகப்பில் வெள்ளைப் பளிங்கில் நான்கு ஆளுயரச் சிலைகள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். அவற்றைச் செய்தவர் ருடால்ஃபோ நோல்லி என்ற இத்தாலியர். உள்ளே நுழைந்தால் கழுத்து தானாக மேலே போகும், அவ்வளவு உயரக் கூரை. சுவர்களில் நெல் நடவு, ரப்பர் பால் மரம், ஈயம் என்று மலாயாவின் பிழைப்பெல்லாம் படமாக இருக்கும். மாடியில் ஒரு காலத்தில் ஹோட்டல்கூட நடந்தது. என்னைக் கேட்டால் அதன் அழகு சிலையில் இல்லை, சாப்பாட்டுக் கடையில் இருந்தது. நடைமேடையை ஒட்டி இந்திய முஸ்லிம் கடை. பிராட்டாவும் (பரோட்டா) தேத்தாரிக்கும் (நுரை வர இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கிக்கொண்டு, ரயிலில் ஏறாமலே வீட்டுக்குத் திரும்பிய ஆட்கள் ஏராளம். நாங்களும் அந்தக் கூட்டம்தான். பக்கத்தில் புத்தகக் கடை, அங்கேயே காசு மாற்றிக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அக்கரையில் மலேசிய எல்லை நகரமான ஜோகூர் பாருவில் 30 ரிங்கிட் என்று விற்கும் டிக்கெட்டுக்குத் தஞ்சோங் பகாரில் 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கேட்பார்கள். எண் அதேதான், நாணயம் மட்டும் வேறு. வெள்ளியின் மதிப்பு இரண்டு ரிங்கிட்டைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். விவரம் தெரிந்தவர்கள் பஸ்ஸில் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டிப் போய் அங்கிருந்து ஏறுவார்கள். கோலாலம்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போதெல்லாம் அப்பா இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவார். பிறகு மூட்டை முடிச்சைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தஞ்சோங் பகாரிலேயே எடுத்துவிடுவார்.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) விஷயம் இன்னும் விசித்திரம். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் ரயில் குடிநுழைவுச் சோதனையைத் தீவின் வடக்கு முனையில் உள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துகொண்டது. ஆகவே நகருக்கு நடுவே நின்றபடி முதலில் மலேசியாவுக்குள் 'நுழைய' வேண்டும். பிறகு தீவு முழுக்கப் பயணம் செய்து, உட்லண்ட்ஸில் இறங்கி, சிங்கப்பூரை விட்டு 'வெளியேற' வேண்டும். நடுவில் இருந்த அந்த நேரத்துக்கு நாம் எந்த நாட்டில் இருந்தோம் என்பதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன். மலேசிய அதிகாரிகள் கடப்பிதழில் முத்திரையும் குத்தியதில்லை.

எல்லாவற்றுக்கும் வேர் நிலம். 1918இல் காலனி அரசு இந்த ரயில்பாதையை மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு விற்றபோது, பாதை நிலம் 999 ஆண்டுக் குத்தகையில் போனது. சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிந்த பிறகும் குத்தகை பிரியவில்லை. 1990இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதி அமைச்சர் டைம் சைனுதினும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அதற்கு அர்த்தம் சொல்வதிலேயே இருபது ஆண்டு ஓடிவிட்டது. 2010 மே மாதம்தான் இரண்டு பிரதமர்களும் முடிவுக்கு வந்தார்கள். நிலையம் உட்லண்ட்ஸுக்குப் போகும், பழைய நிலத்துக்கு மாற்றாக மரினா சவுத்திலும் ஓபிர்-ரோச்சோரிலும் நிலம்.

தஞ்சோங் பகார்தான் முதல் நிலையம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் டேங்க் ரோடு இருந்தது. 1903இல் பாதை திறந்தபோது ரயில் அங்கிருந்து, தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, ஆர்ச்சர்ட் சாலையைப் பாலத்தில் கடந்து, நியூட்டன் வழியாக உட்லண்ட்ஸ் போனது. அங்கிருந்து ஜோகூருக்குப் படகு. கடற்பாலம் வந்த பிறகுதான், 1923இலிருந்து, தண்டவாளம் நேரே அக்கரைக்குப் போனது. 1932இல் பாதையைப் புக்கித் தீமாவிலிருந்து மேற்கே திருப்பித் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனதும் டேங்க் ரோடு பகுதி மூடப்பட்டது. தைப்பூசத்துக்குக் காவடியோடு அந்தக் கோயில் வாசலில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களில் பக்கத்திலேயே ரயில் நின்றது எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது ஃபோர்ட் கேனிங் எம்ஆர்டி (சிங்கப்பூர் நகர ரயில்) நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்.

இந்த ரயில்வேயில் தமிழர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காலனிக் காலத்தில் நிலைய மேலாளர், கிராணி (எழுத்தர்) வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய. வெயிலில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இரு தரப்பும் ஒரே மொழி பேசினாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை என்பார் பெரியப்பா. அவர் தலைமுறையில் அது தளர்ந்துவிட்டது. பாட்டிக்கோ ரயில் என்றாலே ஆகாது. ஜப்பான்காரன் காலத்தில் ஜோகூர்த் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போன அவருடைய தம்பி திரும்பவில்லை. மகன் ரயில்வேயில் சேர்ந்தபோது பல நாள் பேசாமல் இருந்தாராம்.

கடைசி இரவு தஞ்சோங் பகாரில் தேர்த் திருவிழாக் கூட்டம். அதுவரை அந்த ரயிலில் ஏறியே இருக்காதவர்கள் எல்லாம் கேமராவோடு வந்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பல ஆண்டு கழித்துத்தான் போனேன். இரவு 11 மணி வாக்கில் ஜோகூர் சுல்தானே எஞ்சினில் ஏறிக் கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் முதல் இரண்டு வாரத்துக்கு மேல் தண்டவாளத்தில் நடக்க மக்களை விட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் பெயர்த்து மலேசியாவிடமே ஒப்படைத்துவிட்டார்கள். நிலையங்களிலும் பாலங்களிலும் கொஞ்சம் துண்டுகள் மட்டும் நினைவுக்காக.

இப்போது இருப்பது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல பாதை, சந்தேகமே இல்லை. புக்கித் தீமா நிலையத்தை அழகாகச் சீரமைத்து 2022இல் திறந்தார்கள். பக்கத்தில் ரயில்வே ஊழியர் குடியிருப்பில் கஃபே திறந்தார்கள். தஞ்சோங் பகார் 2011இலேயே தேசிய நினைவுச்சின்னம் ஆகிவிட்டது. அதன் பின்புறம் பூமிக்கடியில் எம்ஆர்டி வட்டப் பாதையின் கேண்டோன்மென்ட் நிலையத்தைக் கட்டுவதற்காக நடைமேடைக் கூரையில் ஒரு பகுதியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள், திரும்பப் பொருத்துவதற்காக. கட்டடங்களைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்குள்ள வருத்தம் வேறு. சுத்தியலோடு நடந்தவர்களைப் பற்றி அந்தப் பாதையில் நான் பார்த்த பலகைகளில் அதிகம் இல்லை. அவர்கள் விட்டுப்போனதில் இன்றும் உயிரோடு இருப்பது காமன்வெல்த் டிரைவில் உள்ள முனீஸ்வரன் கோயில். குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சின்ன சன்னிதியாகத் தொடங்கியது அது. ரயில்வேயின் தமிழ் வரலாறு வேண்டுமென்றால் கஃபேயில் காப்பி குடித்த கையோடு அங்கேயும் போய் வாருங்கள்.

எம்ஆர்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 நவம்பரில் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு தொடங்கியது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை, நீட்ட மாட்டேன். ஒன்று மட்டும்: புதிய ரயில்களிலும் நிலையம் மறையும். புக்கித் பாஞ்சாங் எல்ஆர்டியில் (இலகு ரயில்) டென் மைல் ஜங்ஷன் என்று ஒரு நிலையம் இருந்தது. 1999இல் திறந்து 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இருபது வயதுகூட ஆகவில்லை. அதற்கு யாரும் கேமராவோடு பெருங்கூட்டமாகப் போனதாக நினைவில்லை.

கேடிஎம் முழுவதுமாகப் போய்விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2015 ஜூலையிலிருந்து உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கும் இடையே தெப்ராவ் ரயில் ஓடுகிறது. ஐந்து நிமிடப் பயணம். இங்கிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து வர 5 ரிங்கிட். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் கணக்குப் போட்டிருப்பார். உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் தெப்ராவை நிறுத்திவிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். கடற்பாலத்தின் மேல் ரயிலில் போய்ப் பார்க்க ஆசை இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வாரக்கடைசியில் இடம் கிடைப்பது கஷ்டம்.