நம் ஏரிகளுக்கு வரும் நீலச்சிறகி வாத்துகள் கோடையில் எங்கே போகின்றன என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
எண் பொறித்த கால் வளையம் மலிவு. ஆனால் யாராவது அந்தப் பறவையை மறுபடி பிடித்தோ கண்டெடுத்தோ அந்த எண்ணைத் தெரிவித்தால்தான் பயன். முழு வழியும் தெரிய ஜிபிஎஸ் கருவி வேண்டும். அது உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 350 கிராம் நீலச்சிறகிக்குச் சுமார் 10 கிராம்.

முதுகில் டெஃப்லான் நாடாவால் கட்டுவதில்தான் சிக்கலே. வலசைக்கு முன் வாத்து கொழுக்கும். இடம் விடாமல் இறுக்கினால் தோல் புண்ணாகும், தளர்ந்தால் இறக்கை மாட்டிக்கொள்ளும். இறகு மூடினால் சூரியத் தகடு மின்னேற்றாது. செல்பேசிக் கோபுரம் எட்டாத இடங்களில் பதிவுகள் கருவியிலேயே தங்கி, பிறகு மொத்தமாக வரும்.

சைபீரியாவிலோ கஜகஸ்தானிலோ கோடையில் வரைபடத்தில் பறவையின் புள்ளி ஒரே நீர்நிலையில் வாரக்கணக்கில் நின்றால், செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்ப்பவை. 3, 4 வாரம் பறக்க முடியாது. கருவியில் உள்ள அசைவு உணரி என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.