லாபி அறிக்கையை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு நிறுவனங்கள் லாபிக்கு, அதாவது சட்டங்களும் விதிகளும் தமக்குச் சாதகமாக அமைய அரசிடம் வாதிடுவதற்கு, செய்யும் செலவைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

இதழியல் மாணவி: ஒலிபரப்புத் துறை லாபிக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியுமா?

முடியாது. 1995-இன் லாபி வெளிப்படைச் சட்டப்படி தாக்கலாகும் காலாண்டு அறிக்கைகளை செனட்டின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒலிபரப்புக்கு 'சி.ஓ.எம்.', தொலைத்தொடர்புக்கு 'டி.இ.சி.' என்று குறியீடுகள் இருக்கும். தொகையோ ஒன்றே ஒன்றுதான், அதுவும் பத்தாயிரம் டாலர் கணக்கில் முழுமையாக்கப்பட்டது. ஒரே நிறுவனம் வரி, காப்புரிமை, ஒலிபரப்பு மூன்றுக்கும் லாபி செய்திருந்தால் எதற்கு எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்டத் தேவையில்லை. நான் தொகையை விட்டுவிட்டு, எந்த மசோதாவுக்காக என்று எழுதியிருக்கும் பகுதியைத்தான் முதலில் படிப்பேன்.

கணக்காளர் ஒருவர்: இரண்டு அமைப்புகளின் தொகையை ஒப்பிடலாமா?

இரண்டும் ஒரே முறையில் கணக்கிட்டனவா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். வரிச் சட்டத்தின் கணக்கீட்டைத் தேர்ந்தெடுக்கும் சங்கங்களின் தொகையில் மாநில அளவிலான லாபியும் மக்களிடம் செய்யும் பிரசாரமும் சேர்ந்துவிடும். லாபி வெளிப்படைச் சட்டத்தின் சொந்த முறையில் கணக்கிட்டால் அவை சேராது.

வானொலி நேயர்: இவ்வளவு செலவழித்து என்னதான் கிடைக்கிறது?

பல நேரம், ஒன்றும் நடக்காமல் இருப்பதே அவர்களுக்குக் கிடைப்பது. அங்கே ஏஎம், எஃப்எம் நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பினால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை உண்டு. பாடியவருக்குக் கிடையாது. 1995-இல் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் அந்த உரிமை வந்ததால், செயற்கைக்கோள் வானொலியும் இணைய வானொலியும் பாடகருக்குப் பணம் தருகின்றன. இந்த வேறுபாட்டை நீக்க அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதாக்கள் வருகின்றன, தேங்குகின்றன. பாடலை ஒலிபரப்புவதே பாடகருக்கு இலவச விளம்பரம் என்பது தேசிய ஒலிபரப்பாளர் சங்கத்தின் வாதம். தன் குரலுக்குக் கூலி கேட்பவரிடம் சொல்லும் பதிலா இது? எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

சட்டம் மாறியதால் கிடைத்ததும் உண்டு. 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதுவரை வரம்பு 40. பின்னர் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களை வைத்திருந்தது.

பெயர் குறிப்பிடாத வாசகர்: இது லஞ்சம்தானே?

இல்லை. அரசிடம் முறையிடும் உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது.

ஆய்வு மாணவர்: அறிக்கையில் வராத செலவு உண்டா?

நிறைய. ஒரு வாடிக்கையாளருக்காக உழைக்கும் நேரத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாக லாபி செய்பவர் பதிவு செய்யவே வேண்டியதில்லை. 'ஆலோசகர்' என்ற பெயரில் இருக்கும் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலருக்கு இது வசதி.

ஆனால் ஒலிபரப்பையும் தொலைத்தொடர்பையும் ஒழுங்குபடுத்தும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தில் ஒரு நல்ல விதி உண்டு. பெரும்பாலான விதிமுறை நடவடிக்கைகளில், அதிகாரிகளைச் சந்தித்து வாதிட்டவர் இரண்டு வேலை நாட்களுக்குள் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும்: யார் யார் வந்தார்கள், என்றைக்கு, என்ன பேசினார்கள். உங்கள் ஆய்வுக்குரிய நடவடிக்கையின் எண்ணைக் கொண்டு ஆணையத்தின் தளத்தில் தேடி, இறுதி ஆணை வருவதற்கு முந்தைய சில வாரங்களின் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள்.