தென்னம் பச்சை எங்கே போனது?

கேள்வி: அண்ணே, அப்பா 1974, 75இல் எடுத்த ஸ்லைடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. 78 சூறாவளிக்கு முந்திய கல்லடிப் பாலம், வாவிக்கரைத் தென்னைகள் எல்லாம் அதில் உண்டு. ஸ்கேன் பண்ணி ஃபோட்டோஷாப்பில் அடோப் ஆர்ஜிபி என்கிற நிற அளவுமுறையில் திருத்தினால் வடிவாக இருக்கிறது, கனடாவில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பச்சை செத்துப்போகிறது. சில படங்கள் என் கணினியிலேயே நீலம் பாய்ந்து வருகின்றன. என்ன பிழை?
— வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, இவை இரண்டும் வேறு வேறு பிழைகள்.

முதலில் செத்துப்போன பச்சை. ஃபைலில் இருப்பது வெறும் எண்கள்தான். மாமாங்கக் கோயிலடியில் மூன்று முழம் பூ வாங்கினால் யாருடைய முழம் என்பதைப் பொறுத்துத்தானே நீளம்? அந்தக் கை யாருடையது என்று சொல்வதுதான் புரொஃபைல். 1998இல் வந்த அடோப் ஆர்ஜிபிக்குக் கை நீளம், அதிலும் பச்சைப் பக்கம் நன்றாகவே நீளம். ஃபோன்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1996இன் எஸ்ஆர்ஜிபிக்குக் குட்டை. போகிற வழியில் புரொஃபைல் கழன்றுபோனால் தம்பியின் ஃபோன் உங்கள் எண்களைக் குட்டைக் கையால் அளக்கும், தென்னை வாடிவிடும். அதனால் அனுப்பும் பிரதியை மட்டும் 'கன்வெர்ட் டு புரொஃபைல்' கொடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அது அதே மாலையைக் குட்டைக் கையால் திரும்ப அளந்து எண்களை மாற்றி எழுதும், நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் 'அசைன் புரொஃபைல்' எண்களைத் தொடாமல் கையை மட்டும் மாற்றும், அதை இந்த இடத்தில் அழுத்தினால் தம்பி பார்க்கிற அதே வாடல் உங்கள் திரையிலும் வரும்.

மூலத்தை, நிற விவரம் குறையாத 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாகத் தனியே வையுங்கள். நான் ஒருமுறை குடும்பப் படங்களை எல்லாம் 8 பிட் ஜேபெக்காக மாற்றிவிட்டு மூலங்களை அழித்தேன், அத்தனையையும் முதலிலிருந்து ஸ்கேன் பண்ண வேண்டி வந்தது.

இனி நீலம். அந்த ஸ்லைடுகளின் அட்டைச் சட்டத்தைப் பாருங்கள், கோடாக்குரோம் (கோடக்கின் ஒரு ஸ்லைடு ஃபிலிம்) என்று அச்சடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு ஸ்லைடைச் சரித்துப் பிடித்து மங்கலான பக்கத்தில் சாய்வாக வெளிச்சம் விழவிட்டால் படத்தின் ஓரங்கள் மேடுபள்ளமாகத் தெரியும், அதுவும் கோடாக்குரோமின் அடையாளம். அதன் சாயங்கள் கோடக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்குரோமின் சாயங்கள் அல்ல. ஜன்னலில் பிடித்தால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை ஸ்கேனர் நீலமாகப் படிக்கிறது. ஸ்கேன் மென்பொருளில் கோடாக்குரோம் என்று தனித் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். அகச்சிவப்பால் தூசி நீக்கும் வசதியை இந்த ஸ்லைடுகளுக்கு நிறுத்திவிடுங்கள், அது இருண்ட இடங்களைத் தூசி என்று நினைத்து அழிக்கும்.

ஜன்னலில் பிடித்தாலே சிவந்து தெரிகிற ஸ்லைடு என்றால் அது சாயம் மங்கியது. புரொஃபைல் அதை மீட்காது, ஸ்லைடு இன்று இருக்கிற மாதிரித்தான் காட்டும். திருத்தம் அதற்குப் பிறகு, உங்கள் கையால்.

கேள்வி: ஸ்கேனரின் நிறத்தைச் சரிபார்க்கும் ஐடி8 ஸ்லைடு வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், கல்முனை

பதில்: பத்துப் படத்துக்கு வேண்டாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் வாங்குங்கள். நிறக் கட்டங்கள் நிறைந்த ஒரு ஸ்லைடும் அந்தக் கட்டங்களின் அளவுகள் உள்ள ஒரு ஃபைலும் வரும், அதை ஸ்கேன் பண்ணி ஆர்கில் என்கிற இலவச மென்பொருளில் கொடுத்தால் உங்கள் ஸ்கேனருக்கே உரிய புரொஃபைல் கிடைக்கும். ஆட்டோ நிறம், ஆட்டோ எக்ஸ்போஷர் எல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும், பிறகு படங்களையும் அதே அமைப்பில்தான் ஸ்கேன் பண்ண வேண்டும். 'அசைன்' உதவுகிற இடம் இதுதான்: ஸ்கேன் ஆன ஃபைலுக்கு முதலில் அந்தப் புரொஃபைலை அசைன் பண்ணி, அப்புறம் அடோப் ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் பண்ணுங்கள். ஐடி8 ஸ்லைடு உங்கள் ஃபிலிம் வகையிலேயே இருக்க வேண்டும். கோடாக்குரோமில் செய்தது இப்போது கிடைப்பது கஷ்டம், 2009இலேயே கோடக் அந்த ஃபிலிமை நிறுத்திவிட்டது.