நிலக்காட்சிப் படத்திலிருந்து துணி வரை: கேள்வி பதில்

நிலக்காட்சிப் புகைப்படங்களைக் கணினியில் திருத்தி, அவற்றிலிருந்து நெசவும் தையலும் செய்துவருபவள் என்ற முறையில், என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திரையில் ஆழமாகத் தெரியும் மலைக்காட்சி, அதைப் பார்த்து நெய்தால் தட்டையாகிவிடுகிறது. காரணம் என்ன?

திரை தானே ஒளி வீசுகிறது. நூலோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே மிகக் கறுத்த நூலுக்கும் மிக வெளுத்த நூலுக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாடு, திரை காட்டும் வேறுபாட்டைவிட மிகவும் குறைவு. அந்தக் குறுகிய இடத்துக்குள் எதை வெளிச்சமாக்குவது, எதை இருட்டாக்குவது என்பதை, நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

படத்தின் நகல் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, சற்றே மங்கலாக்கி, பிறகு போஸ்டரைஸ் செய்து, அதாவது எண்ணற்ற ஒளியளவுகளைச் சிலவாகச் சுருக்கி, நான்கைந்து சாம்பல் படிகளாகக் குறைத்துப் பாருங்கள். மங்கலாக்குவதை முதலில் செய்வது முக்கியம். இல்லாவிட்டால் இலைகளும் கூழாங்கற்களும் புள்ளி புள்ளியாகச் சிதறி, வெட்டவோ தைக்கவோ முடியாத வடிவங்களாகிவிடும். பச்சைப் புல்வெளியும் செம்மண் பாதையும் நிறத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், இந்த நகலில் ஒரே சாம்பல் படியில் விழுந்துவிட்டால், சில அடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் துணியில் பாதை சரியாகப் புலப்படாது. அப்போது பாதையை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு படி வெளுப்பாக்குங்கள்.

கேள்வி: ரா கோப்பில்தான் எடுக்க வேண்டுமா, ஜேபெக் போதாதா?

ரா என்பது கேமரா பதிவுசெய்த ஒளித்தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் கேமராவிலேயே பதப்படுத்திச் சுருக்கிய படம். வானம் பெரும்பகுதியாக உள்ள படம் என்றால் ரா எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப்படிகளே உண்டு. 12 பிட் ரா கோப்பில் 4,096, 14 பிட்டில் 16,384. வெளிச்சத்தை அதிகம் இழுத்துத் திருத்தும்போது ஜேபெக் வானம் பட்டை பட்டையாகப் பிளக்கும். ஆனால் நான்கைந்து படிகளாகக் குறைக்கப்போகும் படத்துக்கு ஜேபெக்கே தாராளம்.

கேள்வி: தூரத்து மலைகள் புகைமூட்டமாக இருக்கின்றன. மூட்டத்தை நீக்கும் வசதியைப் பயன்படுத்தலாமா?

துணிக்காகத் திருத்தும் படத்தில் அதைத் தொடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. காற்று, குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் தொலைவிலுள்ள மலை நீலம் பூத்து, காண்ட்ராஸ்ட் (ஒளி-இருள் வேறுபாடு) இழந்து, வெளுத்து நிற்கிறது. இது எவ்வளவு தூரம் என்று கண் அறிந்துகொள்வது அந்த வெளுப்பிலிருந்துதான். மூட்டத்தை நீக்கினால் ஐந்து மலைத்தொடர்களும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகின்றன. முன்னும் பின்னுமாக நின்றவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவைபோலத் தெரியும். நான் இதற்கு நேர்மாறாகச் செய்கிறேன்: ஒவ்வொரு தொடரையும் தனி லேயராகப் பிரித்து, பின்னே போகப் போகக் காண்ட்ராஸ்டை இன்னும் குறைக்கிறேன். இந்த லேயர்களே துணியிலும் அடுக்குகளாகின்றன. கடைசித் தொடரின்மேல் ஆர்கன்சா என்ற மெல்லிய, ஒளி ஊடுருவும் துணி ஒன்றைப் பரப்பித் தைத்தால், திரையில் கிடைத்த மூட்டம் கையிலும் கிடைக்கிறது.

கேள்வி: திரையில் நிறத்தை அளந்து, அதற்குச் சரியான நூலையே வாங்கினேன். நெய்த பிறகு வேறு நிறமாகத் தெரிகிறது. சாயம் மோசமா?

சாயத்தைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். சுவரில் தொங்கவிடும் படத் துணிகளை நெய்யும் பாரிஸின் கோப்லான் கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவின் இயக்குநராக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரலிடம், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அந்தக் கறுப்பு நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதே காரணம் என்று அவர் கண்டறிந்தார். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விளக்கி 1839-இல் புத்தகமும் வெளியிட்டார்.

ஆகவே தனி நூலைத் திரையோடு ஒப்பிடாதீர்கள். துணியில் எந்த நூல்கள் அடுத்தடுத்து வருமோ, அவற்றை அதே விகிதத்தில் ஓர் அட்டைமேல் நெருக்கமாகச் சுற்றி, பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் பாருங்கள். ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரு சாயங்கள் மற்றோர் ஒளியில் பிரிந்துவிடுவதும் உண்டு.

கேள்வி: படங்களை நெய்யும் ஜக்கார்டு தறிக்கு அனுப்பிய படம் துணியில் உயரமாக நீண்டுவிட்டது. எங்கே தவறு?

திரையில் பிக்சல் சதுரம். ஒரு பிக்சலுக்கு ஒரு கட்டமாக, துணியில் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்குவாட்டு நூல்) சந்திக்கும் கட்டம் பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை. ஒரு சென்டிமீட்டருக்குப் பாவு 20, ஊடை 14 என்று வைத்துக்கொண்டால், 50 சென்டிமீட்டர் சதுரத் துணிக்குப் படம் 1,000 பிக்சல் அகலமும் 700 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும். திரையில் மலை நசுங்கித் தெரியும்; துணியில் சரியாகிவிடும். 1,000 பிக்சல் உயரமாகவே அனுப்பினால் துணி 71 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். தறியிலிருந்து இறக்கித் துவைத்த மாதிரித் துணியில் எண்ணிய நூல் கணக்கையே பயன்படுத்துங்கள், ஏனெனில் துவைத்தபின் துணி சுருங்கும்.

கேள்வி: திருத்துவதிலேயே நேரமெல்லாம் போய்விடுகிறது, நூலைத் தொட மனம் வருவதில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திரையில் எந்த மாற்றத்தையும் திரும்பப் பெறலாம் என்பதால் முடிவெடுப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அதனால், துணியில் காட்ட முடியாத எதையும் திரையில் திருத்துவதில்லை என்று எனக்கு நானே வரையறை வைத்திருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் தையலால் காட்ட முடியாத நுண்ணிய கிளையைக் கூர்மையாக்கிப் பயனில்லை. படிகள் பிரிந்ததும் உள்ளங்கை அளவில் அச்சிட்டு, அதன் அருகிலேயே ஒரு சிறு மாதிரியைத் தைக்கத் தொடங்கிவிடுகிறேன். மீதமுள்ள ஐயங்கள் அந்த மாதிரியில்தான் தீர்கின்றன. தேவைப்பட்டால் மட்டும் கோப்பைத் திரும்பத் திறக்கிறேன்.